எண்ணெய் உறை மெல்லியதாக இருந்தால் போதுமா? நுண்வாய்க்காலில் லிப்பிட் நுண்பைகள் உருவாக்குவது பற்றி

துளிமுனை எழுதியது:

செல்லின் அளவை ஒத்த லிப்பிட் (கொழுப்பு) நுண்பைகளை, அதாவது ஒரே ஒரு ஈரடுக்குச் சவ்வால் சூழப்பட்டு உள்ளே நீர்க்கரைசலை அடக்கியிருக்கும் வெசிக்கிள்களை, நுண்பாய்மச் சில்லில் (மயிரிழை அளவு வாய்க்கால்களில் நீர்மம் ஓடும் சிறு தகட்டில்) உருவாக்க நான்கு மாதங்களாக முயன்று வருகிறேன். துளி உருவாகும் கட்டம் வரை எல்லாம் நன்றாக நடக்கிறது. துளி நுண்பையாக மாற வேண்டிய கட்டத்தில்தான் பெரும்பாலானவை அழிந்துவிடுகின்றன. இத்துறையில் கைப்பழக்கம் உள்ளவர்கள் இங்கு இருப்பதால், செய்முறையை முழுமையாக எழுதிவிட்டுக் கேள்விக்கு வருகிறேன்.

நான் பின்பற்றுவது, நெதர்லாந்தின் டெல்ஃப்ட் நகர ஆய்வாளர்கள் 2016-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆக்டனால் முறை. ஆறு வாய்க்கால்கள் ஓரிடத்தில் கூடுகின்றன. நடுவில் உட்கரைசல் வருகிறது. அதன் இருபுறமும் லிப்பிட் கரைந்த 1-ஆக்டனால்; நீரோடு கலவாத இதுதான் இங்கே எண்ணெய். அதற்கும் வெளியே இருபுறமும் வெளிக்கரைசல். ஆறாவது வாய்க்கால் வெளியேறும் வழி. வெளிக்கரைசல் இருபுறமும் நெருக்கும்போது, எண்ணெய் உறை போர்த்திய நீர்த்துளிகள் ஒன்றன்பின் ஒன்றாக அறுந்து விழுகின்றன. இந்த இரட்டைப் பால்மத் துளியிலிருந்து ஆக்டனால் சில நிமிடங்களில் ஒரு பக்கமாக ஒதுங்கிப் பிரிந்துவிட, எஞ்சி நிற்பது நுண்பை.

சில்லு பிடிஎம்எஸ் என்ற சிலிக்கோன் ரப்பர் வார்ப்பு; எஸ்யு-8 என்ற ஒளிப்பிசினாலான அச்சில் வார்த்து, பிளாஸ்மாவால் கண்ணாடியுடன் ஒட்டியது. சுவரில் எண்ணெய் ஒட்டாதிருக்க, வெளியேறும் வாய்க்காலுக்கு மட்டும் பாலிவினைல் ஆல்கஹால் பூச்சு கொடுத்துச் சூடேற்றியிருக்கிறேன். லிப்பிட் பிஓபிசி, ஆக்டனாலில் மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம். உள்ளே சுக்ரோஸும், அமில-காரத் தன்மையை மாறாமல் காக்கும் தாங்கல் கரைசலும்; வெளியே குளுக்கோஸும் அதே தாங்கல் கரைசலும், சோப்பைப் போல் செயல்படும் பொலொக்சாமர் 5%-உம். பின்னாளில் உள்ளே புரத உற்பத்திக் கலவையை (செல் இல்லாமலே மரபணுவிலிருந்து புரதம் செய்யும் கலவையை) வைக்கும் எண்ணம் இருப்பதால், மூல முறையிலுள்ள கிளிசராலை விட்டுவிட்டேன். கரைந்த துகள்களின் மொத்தச் செறிவு இருபுறமும் 300 மில்லிஆஸ்மோல் வருமாறு கணக்கிட்டுத் தயாரித்தேன்.

எண்ணெய் குறைவாக இருந்தால் சவ்வில் தங்கும் மிச்சமும் குறையும் என்று கருதி, வெளிக்கரைசலின் வேகத்தைக் கூட்டி, ஆக்டனால் உறையை ஏறத்தாழ 1 மைக்ரோமீட்டர் அளவுக்கு மெல்லியதாக்கினேன். துளிகள் 20 மைக்ரோமீட்டர் விட்டத்தில், கண்ணுக்கு வேறுபாடே தெரியாத சீர்மையுடன் வருகின்றன. ஆனால் எண்ணெய் ஒதுங்கத் தொடங்கும் அந்த நொடியிலேயே பாதிக்கு மேற்பட்டவை உடைந்துவிடுகின்றன. தப்பிப் பிழைத்தவற்றுக்குள் இருக்கும் ஒளிரும் சாயம், சேகரிப்புக் குழியை அடைந்தபின் மங்கிக்கொண்டே போகிறது. முதலில் சேர்பவை முற்றிலும் அழிகின்றன. ஒரு மணிநேரம் கழித்துச் சேர்பவற்றில் சில நிலைக்கின்றன. குறை சில்லின் வடிவிலா, வேதியியலிலா?

ஈரடுக்கு எழுதியது:

நண்பர் துளிமுனை அவர்களுக்கு. நீங்கள் விவரித்திருப்பவை இரண்டு வெவ்வேறு நோய்கள். எண்ணெய் ஒதுங்கும்போது உடைவது ஒன்று. குழியில் சாயம் மங்குவது மற்றொன்று. முதலாவதைப் பற்றி மட்டும் நான் எழுதுகிறேன். சில்லின் மீது குறை இருப்பதாக எனக்குத் தோன்றவில்லை. துளிகள் சீராக அறுகின்றன, சுவரில் எண்ணெய் ஒட்டவில்லை என்றால் வடிவமும் பூச்சும் தம் வேலையைச் செய்துவிட்டன என்று பொருள்.

உறையை மெல்லியதாக்கியதைத்தான் நான் ஐயுறுகிறேன். எண்ணெய் உறை வெறும் போர்வை அல்ல. சவ்வைக் கட்டுவதற்கான லிப்பிட் முழுவதும் அதில்தான் வருகிறது. ஒரு பிஓபிசி மூலக்கூறு சவ்வின் பரப்பில் ஏறத்தாழ 0.7 சதுர நானோமீட்டர் இடத்தை அடைத்துக்கொள்கிறது. ஆகவே ஈரடுக்கின் ஒவ்வொரு சதுர நானோமீட்டருக்கும், இரண்டு அடுக்கையும் சேர்த்து, ஏறத்தாழ 2.9 மூலக்கூறுகள் தேவை. பிஓபிசியின் மூலக்கூறு எடை 760. மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் என்ற செறிவில், அந்த 2.9 மூலக்கூறுகளைக் கொடுக்க வேண்டுமானால் உறையின் தடிமன் 3.6 மைக்ரோமீட்டர் இருக்க வேண்டும். உங்கள் உறையோ 1 மைக்ரோமீட்டர். ஒவ்வொரு துளியும் தன் சவ்வுக்கு வேண்டிய லிப்பிட்டில் கால் பங்கைவிடச் சற்றே அதிகமாக மட்டும் சுமந்துகொண்டு புறப்படுகிறது. சந்திப்பில் எண்ணெய் ஓடிவரும்போதே, நீரும் எண்ணெயும் தொடும் இடைமுகத்தில் சேரும் லிப்பிட் இந்தக் கணக்கில் கொஞ்சம் உதவும் என்றாலும், முக்கால் பங்குப் பற்றாக்குறையை அதனால் ஈடுகட்ட இயலாது.

எண்ணெய் ஏன் ஒதுங்குகிறது என்பதைப் பார்த்தால், பற்றாக்குறை எப்படி உடைப்பாக முடிகிறது என்பதும் விளங்கும். இங்கே மூன்று பரப்பு இழுவிசைகள் போட்டியிடுகின்றன: உள்நீருக்கும் எண்ணெய்க்கும் இடையே ஒன்று, எண்ணெய்க்கும் வெளிநீருக்கும் இடையே ஒன்று, இரண்டு லிப்பிட் அடுக்குகளும் முதுகோடு முதுகாக ஒட்டியபின் அமையும் ஈரடுக்கில் ஒன்று. ஈரடுக்கின் இழுவிசை மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிடக் குறைவாக இருந்தால், அடுக்குகள் ஒட்டிக்கொண்டு எண்ணெயைப் பக்கவாட்டில் பிதுக்கித் தள்ளும். இது முதல் நிபந்தனை. இது நிறைவேறினால் எண்ணெய் ஒரு பக்கத்தில் மொட்டாகத் திரண்டு நிற்கும். அந்த மொட்டு முழுவதுமாகக் கழன்று போவதற்கு இரண்டாவது நிபந்தனை ஒன்று உண்டு. உள்நீர்–எண்ணெய் இழுவிசை, மற்ற இரண்டின் கூட்டுத்தொகையைவிட மிகுந்திருக்க வேண்டும். வெளிக்கரைசலில் நாம் பொலொக்சாமர் சேர்ப்பதன் பயன் இங்கேதான் தெரிகிறது: எண்ணெய்–வெளிநீர் இழுவிசையை அது தாழ்த்துகிறது, மொட்டு கழல்வது எளிதாகிறது. வாய்க்காலில் ஓடும் நீரின் உரசலும் கடைசி இழையை அறுக்க உதவுகிறது.

இந்தக் கணக்கு முழுவதும், இடைமுகங்கள் லிப்பிட்டால் நிரம்பியிருக்கின்றன என்ற அடிப்படையில் நிற்பது. நிரம்பாத இடைமுகத்தில் எண்ணெய் மெலிந்து இரு நீர்ப்பரப்புகளும் நெருங்கினால், அங்கே ஒட்டுவதற்கு அடுக்கு இருக்காது; ஓட்டைதான் இருக்கும். உள்நீர் வெளிநீரோடு கலந்துவிடும். நீங்கள் காணும் உடைப்பு இதுவே என்று கருதுகிறேன். லிப்பிட் செறிவை 4 மில்லிகிராமுக்கு உயர்த்துங்கள். அப்போது 1 மைக்ரோமீட்டர் உறையே போதுமானதாகிவிடும்.

துளிமுனை எழுதியது:

மிக்க நன்றி. உறையின் தடிமனையும் லிப்பிட் செறிவையும் தனித்தனியே சரிசெய்யத்தக்க இரண்டு அளவுகளாகவே இதுவரை எண்ணியிருந்தேன். அவற்றின் பெருக்குத்தொகைதான் கணக்கு என்பது தோன்றவே இல்லை. செறிவை உயர்த்தினால் மிகையான லிப்பிட் எண்ணெயில் தங்கி, பிரிந்துபோகும் ஆக்டனால் துளிகளோடு போய்விடுமா, அல்லது சவ்வு பல அடுக்காகிவிடுமா என்ற ஐயம் எழுகிறது. அதையும் சோதித்துப் பார்க்கிறேன். சாயம் மங்குவதைப் பற்றி யாரேனும் எழுதினால் உதவியாக இருக்கும்.

சமநிலை எழுதியது:

சாயம் மங்குவதைப் பற்றி நான் எழுதுகிறேன். மங்கும் விதத்தைக் கூர்ந்து பார்த்தீர்களா? சவ்வில் கசிவு இருந்தால் ஒளி தொடர்ச்சியாகக் குறையும். சவ்வூடுபரவல் அழுத்தத்தால் நுண்பை வீங்கித் திறந்து மூடுமானால், படிக்கட்டில் இறங்குவதுபோல் ஒவ்வொரு படியாகக் குறையும்: நீர் உள்ளே புகுந்து சவ்வு இழுபட்டு, ஒரு துளை திறந்து, உள்ளிருப்பதில் சிறிதளவு வெளியேறி, இழுவிசை தளர்ந்ததும் துளை மூடிக்கொள்ளும், பிறகு அதே சுற்று மீண்டும் தொடங்கும். இரண்டாவது வகைதான் நடக்கிறது என்று ஊகிக்கிறேன்.

இந்த அழுத்தத்தைப் பலரும் குறைவாக மதிப்பிடுகிறார்கள். உள்ளே 310, வெளியே 300 மில்லிஆஸ்மோல் என்று வைத்துக்கொள்வோம். வெறும் 10 மில்லிஆஸ்மோல் வேறுபாடு, 25 பாகை செல்சியசில் ஏறத்தாழ 25 கிலோபாஸ்கல் அழுத்தமாகிறது. 20 மைக்ரோமீட்டர் விட்டமுள்ள நுண்பையின் சவ்வு உடையும் நிலையில்கூடத் தாங்கக்கூடியது 2 கிலோபாஸ்கல் அளவுதான். ஆகவே சவ்வு அந்த அழுத்தத்தை எதிர்த்து நிற்பதில்லை. நீரை உள்ளே விட்டு, உட்செறிவு நீர்த்துப் போகும்வரை விரிகிறது. 310 என்பது 300 ஆக வேண்டுமானால் கொள்ளளவு 3.3% கூட வேண்டும். கோளமாக இருக்கும் நுண்பையில் அது பரப்பளவில் 2.2% விரிவு. பிஓபிசி போன்ற லிப்பிட்டின் ஈரடுக்கு விரிவதை எதிர்க்கும் கெழு மீட்டருக்கு ஏறத்தாழ 240 மில்லிநியூட்டன் என்பதால், இழுவிசை மீட்டருக்கு 5 மில்லிநியூட்டனை எட்டும். சவ்வு பொதுவாக உடைவது பரப்பு 3 முதல் 5% விரியும்போது. 10 மில்லிஆஸ்மோலிலேயே பாதி வழி கடந்தாயிற்று; 20 என்றால் விளிம்பில் நிற்கிறோம்.

எதிர்த்திசையில் இந்த ஆபத்து இல்லை. வெளிக்கரைசல் செறிவு மிகுந்திருந்தால் நுண்பை சற்றுத் தளர்ந்து நெகிழும், உடையாது. எனவே வெளிக்கரைசலை 5 முதல் 10 மில்லிஆஸ்மோல் கூடுதலாகவே வைத்துக்கொள்வது என் வழக்கம். கணக்கிட்ட எண்ணை நம்ப வேண்டாம். சர்க்கரையை எடை போடும்போது நேரும் சிறு பிழையே 10 மில்லிஆஸ்மோலைத் தின்றுவிடும். உறைநிலைத் தாழ்வை அளக்கும் ஆஸ்மோமீட்டரில் இரு கரைசல்களையும் அன்றன்று அளந்து பாருங்கள்.

உங்கள் பதிவில் ஒரு குறிப்பு என்னை ஈர்த்தது. முதலில் சேர்பவை அழிகின்றன, பிற்பாடு சேர்பவை நிலைக்கின்றன என்கிறீர்கள். சில்லும் கரைசலும் மாறவில்லை. மாறுவது குழியில் இருக்கும் நீர்மம் மட்டுமே. ஓட்டம் தொடங்கும் முன் அந்தக் குழியில் என்ன இருந்தது?

துளிமுனை எழுதியது:

காற்றுக்குமிழ் புகாமல் இருப்பதற்காகக் குழியைத் தூய நீரால் நிரப்பி வைத்துவிட்டுத்தான் ஓட்டத்தைத் தொடங்குகிறேன். உங்கள் கேள்வியைப் படித்ததும் விடை விளங்கிவிட்டது. நான்கு மாதங்களாக ஒவ்வொரு நாளும் இதைச் செய்திருக்கிறேன்.

எளியவழி எழுதியது:

சற்று மாறுபட்ட கருத்தைப் பதிவு செய்ய விரும்புகிறேன். நுண்பை வேண்டும் என்பதுதான் குறிக்கோள் என்றால், சில்லு வார்ப்பதும் பூச்சு கொடுப்பதும் அழுத்தக் கட்டுப்படுத்தியோடு போராடுவதும் எதற்காக? லிப்பிட் படலத்தின் மீது நீரூற்றி ஊறவைப்பதிலிருந்தே பெரிய நுண்பைகள் கிடைப்பதை 1969-இலேயே காட்டிவிட்டார்கள். மின்புலத்தில் வளர்க்கும் முறை 1986-இல் வந்தது. மின்கடத்தும் கண்ணாடித் தகடு இரண்டும் அலைவு மின்னழுத்தம் கொடுக்கும் கருவி ஒன்றும் இருந்தால் போதும். உட்கரைசலில் உப்பும் புரதமும் இருக்க வேண்டும் என்பவர்களுக்கு 2003-இல் வெளிவந்த பால்மப் பெயர்வு முறை இருக்கிறது: எண்ணெயில் நீர்த்துளிகளைக் குலுக்கி எடுத்து, லிப்பிட் அடுக்கு பரவிய எண்ணெய்–நீர் எல்லை வழியே மைய விலக்குக் கருவியால் கீழே இறக்கினால், கடக்கும்போது இரண்டாவது அடுக்கைப் போர்த்திக்கொண்டு நுண்பையாகிவிடும். ஒரு பிற்பகலில் முடியும் வேலை. சுழலும் கலத்தில் நுண்குழாய் முனையிலிருந்து துளிகளைச் சொட்டவிட்டு இதையே தொடர்ச்சியாகச் செய்யும் முறையும் 2011-இல் வந்துவிட்டது. சவ்வில் ஒரு புரதம் எப்படி நடந்துகொள்கிறது என்று பார்க்க விரும்பும் மாணவரைச் சில்லின் பக்கம் அனுப்புவது அவருடைய ஓராண்டை வீணாக்குவதாகும் என்று உறுதியாக எண்ணுகிறேன்.

ஈரடுக்கு எழுதியது:

எளியவழி அவர்கள் சொன்னதில் பெரும்பகுதியோடு உடன்படுகிறேன். சவ்வை மட்டும் ஆராய்பவருக்குச் சில்லு தேவையில்லை. மின்புல முறைக்கு உடலியல் அளவு உப்பு எளிதில் ஒத்துவராது என்பதும், பெரிய மூலக்கூறுகள் உள்ளே சீராகச் சேராது என்பதும் அதன் எல்லைகள். சவ்வுக்குள் நடப்பவற்றைப் பார்ப்பவருக்கு அவை தடையல்ல.

ஆனால் நுண்பைக்குள் ஒரு வேதிவினையை வைத்து அளப்பவருக்கு நிலைமை வேறு. விட்டம் 5 மைக்ரோமீட்டரிலிருந்து 20 வரை பரவியிருக்கும் ஒரு மாதிரியை எடுத்துக்கொள்ளுங்கள். விட்டத்தில் நான்கு மடங்கு வேறுபாடு, கொள்ளளவில் 64 மடங்கு. உட்கரைசலில் ஒரு மூலக்கூறு 1 நானோமோலார் செறிவில் இருந்தால், 5 மைக்ரோமீட்டர் நுண்பையில் சராசரியாக 39 மூலக்கூறுகளும், 10 மைக்ரோமீட்டரில் 315-உம், 20 மைக்ரோமீட்டரில் ஏறத்தாழ 2,500-உம் இருக்கும். 10 மைக்ரோமீட்டர் நுண்பையின் கொள்ளளவு அரைப் பிகோலிட்டர்தான் என்பதை நினைவில் கொள்க. செறிவை 1 பிகோமோலாராகக் குறைத்தால் அதே நுண்பையில் சராசரி 0.3 மூலக்கூறு, அதாவது ஏறத்தாழ 73% நுண்பைகள் வெறுமையாகவே இருக்கும். ஒரே ஒரு டிஎன்ஏ மூலக்கூறு உள்ள நுண்பைகளைத் தேடுபவர்கள் இந்தப் பகுதியில்தான் வேலை செய்கிறார்கள். அளவு சீராக இருந்தால், நுண்பைக்கு நுண்பை காணும் வேறுபாடு வாய்ப்பினால் வந்ததா, வினையால் வந்ததா என்று பிரித்தறியலாம். அளவே சிதறியிருந்தால் அந்தக் கேள்வியைக் கேட்கவே முடியாது.

துளிமுனை உள்ளே வைக்க விரும்புவது புரத உற்பத்திக் கலவை என்கிறார். 2001-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் தூய்மையாக்கிய கூறுகளிலிருந்து அமைத்த வகையை அவர் கருதுகிறார் என்றால், அதில் முப்பதுக்கும் மேற்பட்ட புரதங்களோடு ரைபோசோமும் சேர்ந்தாக வேண்டும். இன்றியமையாத ஒன்று குறைந்தாலும் வினை நிற்கும். அத்தகைய கலவை விலையுயர்ந்தது, கிடைப்பதும் சில பத்து மைக்ரோலிட்டர்தான். சில்லில் உட்கரைசல் ஏறத்தாழ முழுவதும் நுண்பைக்குள்ளேயே போய்ச் சேருகிறது. எனக்கு இதுவே சில்லின் முதன்மையான நியாயம்.

அருகிலிருப்பவன் எழுதியது:

இத்துறைக்குப் புதியவன். எம்ஆர்என்ஏ தடுப்பூசிகளில் உள்ள லிப்பிட் நானோதுகள்களும் நுண்பாய்ம முறையில் செய்யப்படுவதாகப் படித்தேன். நீங்கள் பேசுவதும் அதுவும் ஒன்றா?

சமநிலை எழுதியது:

பெயரும் மூலப்பொருளும் ஒன்றுபோல் தோன்றினாலும் வேலை முற்றிலும் வேறு. அந்தத் துகள்களின் விட்டம் 100 நானோமீட்டர் அளவு. இங்கே பேசும் 10 மைக்ரோமீட்டர் நுண்பைக்குள் கொள்ளளவில் அத்தகைய பத்து லட்சம் துகள்கள் அடங்கும். உருவாகும் விதமும் வேறு. எத்தனாலில் கரைந்த லிப்பிட்டையும் நீரில் உள்ள எம்ஆர்என்ஏவையும் மிக விரைவாகக் கலக்கிறார்கள். எத்தனால் நீர்த்ததும் லிப்பிட் கரைந்திருக்க முடியாமல் தானாகத் திரண்டு துகளாகிறது. வாய்க்காலின் தரையில் மீன்முள் வடிவில் வரிப்பள்ளங்கள் வைத்துக் கலக்கும் உத்தி 2002-இல் வெளிவந்தது. நானோதுகள் செய்வோரிடையே அது பரவலாகப் பயன்பட்டது. அங்கே வாய்க்கால் ஒரு கலப்பான். இங்கே துளியை ஒவ்வொன்றாக வார்க்கும் அச்சு. அந்தத் துகளின் உட்புறம் நீர் நிறைந்த அறையும் அல்ல. லிப்பிட்டும் எம்ஆர்என்ஏவும் செறிந்து கிடக்கும் கரு. செல்லைப் போல உள்ளே வினை நடத்த அதில் இடமில்லை.

துளிமுனை எழுதியது:

மூன்று வாரங்களுக்குப் பிறகு எழுதுகிறேன். நீங்கள் சொன்னவற்றை ஒவ்வொன்றாக, ஒரு நேரத்தில் ஒரு மாற்றம் மட்டும் என்ற முறையில் செய்து பார்த்தேன்.

முதலில் லிப்பிட் செறிவை மட்டும் 4 மில்லிகிராமாக உயர்த்தினேன். உறையின் தடிமனை மாற்றவில்லை. எண்ணெய் ஒதுங்கும்போது உடைவது அன்றே பெருமளவு நின்றுவிட்டது. முன்பு பாதிக்கு மேல் உடைந்தன. இப்போது பத்தில் ஒன்றோ இரண்டோதான். ஒதுங்கும் காட்சியையும் முதன்முறையாக நிதானமாகப் பார்க்க முடிந்தது. உறை சீராக இருக்கும் துளியில் ஒரு பக்கம் மெல்லப் பருத்து, பிறை வடிவாகி, பிறகு மொட்டாகிக் கழல்கிறது. மொட்டு ஒட்டிக்கொண்டிருக்கும் துளிகள் சில எஞ்சுகின்றன. வெளியேறும் வாய்க்காலை நீளமாக்கிய சில்லில் அவையும் குறைந்தன. கழல்வதற்கான நேரத்தை அந்த நீளம் கொடுத்தது என்று கருதுகிறேன்.

அடுத்து, குழியைத் தூய நீருக்குப் பதிலாக வெளிக்கரைசலால் நிரப்பினேன். கரைசல்களை ஆஸ்மோமீட்டரில் அளந்தபோது இன்னொன்றும் தெரிந்தது. 300 என்று நான் நம்பியிருந்த உட்கரைசல் 318 காட்டியது, வெளிக்கரைசல் 304. குழியில் தூய நீரை ஊற்றாமல் இருந்திருந்தாலும் என் நுண்பைகள் வெடிக்கும் விளிம்பிலேயே நின்றிருக்கும். உட்கரைசலைத் திருத்தி, வெளியே 8 மில்லிஆஸ்மோல் கூடுதலாக வைத்தபின், சாயம் நிறைந்த நுண்பைகள் மறுநாள் காலையிலும் குழியின் அடியில் இருந்தன. உள்ளே சுக்ரோஸும் வெளியே குளுக்கோஸும் இருப்பதால் நுண்பைகள் அடியில் படிகின்றன, எடை குறைந்த ஆக்டனால் துளிகள் மேலே மிதக்கின்றன. பிரித்தெடுப்பதற்கென்று வேறு முயற்சி தேவைப்படவில்லை.

இனி என் கேள்வி இரண்டு. இவை உண்மையிலேயே ஒற்றை ஈரடுக்குதானா என்பதை எப்படி உறுதி செய்வது? கொலஸ்டிராலை 30% சேர்க்க விரும்புகிறேன். ஆக்டனாலில் அதே விகிதத்தில் கரைத்தால் போதுமா?

ஈரடுக்கு எழுதியது:

இரண்டாவது கேள்விக்கு முதலில் விடை சொல்கிறேன். போதாது. பிஓபிசி போன்ற பாஸ்போலிப்பிட்டைப் போல் கொலஸ்டிரால் இடைமுகத்தை நாடி ஓடுவதில்லை. எண்ணெயிலேயே வசதியாகத் தங்கிவிடுகிறது, மொட்டோடு கழன்றும் போகிறது. எண்ணெயில் 30% வைத்தால் சவ்வில் அதைவிடக் குறைவாகவே சேரும். எண்ணெயைப் பயன்படுத்தும் எல்லா முறைகளுக்கும் உள்ள குறை இது. நுண்பைகள் உருவானபின், சைக்ளோடெக்ஸ்ட்ரின் என்ற சர்க்கரை வளையத்தில் ஏற்றிய கொலஸ்டிராலை வெளியிலிருந்து ஊட்டும் வழி இருக்கிறது. எவ்வளவு சேர்ந்தது என்பதைத் தனியே அளக்காமல் விகிதத்தை எழுதாதீர்கள் என்று வேண்டிக்கொள்கிறேன். எண்ணெயில் வைத்த விகிதத்தையே சவ்வின் விகிதமாக எழுதும் பழக்கம் பரவலாக இருக்கிறது, அது பிற்பாடு வருபவர்களைத் திசைதிருப்புகிறது.

ஒற்றை அடுக்கா என்பதற்கு இரண்டு சோதனைகளைச் சேர்த்துச் செய்வது நல்லது. ஒன்று, என்பிடி என்ற ஒளிரும் குறி ஒட்டிய லிப்பிட்டைச் சிறிதளவு சேர்த்து நுண்பைகளை உருவாக்குங்கள். பிறகு வெளியே டைதயோனைட்டைச் சேருங்கள். அது வெளியடுக்கில் உள்ள குறிகளை மட்டும் அணைக்கும். ஒற்றை ஈரடுக்காக இருந்தால் ஒளி பாதியாகக் குறைந்து நிற்கும், பல அடுக்காக இருந்தால் பாதிக்கு மேல் எஞ்சும். டைதயோனைட் கரைசல் விரைவில் கெட்டுவிடும். காரத்தன்மையுள்ள தாங்கல் கரைசலில், பயன்படுத்தும் அன்றே தயாரிக்க வேண்டும். காத்திருந்தால் அது மெல்ல உள்ளேயும் கசியும் என்பதால், முதல் சில நிமிடங்களின் அளவையே எடுத்துக்கொள்ளுங்கள்.

மற்றொன்று ஆல்பா ஹீமோலைசின். ஏழு துணையலகுகள் சேர்ந்து சவ்வைத் துளைக்கும் இந்தப் புரதத்தின் தண்டு ஒரு ஈரடுக்கின் தடிமனுக்கு அளவெடுத்தது போன்றது. இரு அடுக்குகளுக்கு நடுவே ஆக்டனால் படலமாகத் தேங்கியிருந்தால் அதனால் மறுபுறம் எட்ட முடியாது. துளையின் மிகக் குறுகிய இடம் 1.4 நானோமீட்டர், எனவே நுண்பைக்குள் கால்சீன் என்ற சிறிய சாயத்தையும் டெக்ஸ்ட்ரான் என்ற பெரிய மூலக்கூறையும் இரு நிறங்களில் வைத்தால், கால்சீன் வெளியேறி டெக்ஸ்ட்ரான் உள்ளே தங்க வேண்டும். இரண்டும் வெளியேறினால் சவ்வே உடைகிறது என்று பொருள். டைதயோனைட் சோதனை அடுக்குகளை எண்ணும். ஹீமோலைசின் சோதனை நடுவில் எண்ணெய்ப் படலம் உண்டா என்று சொல்லும். ஒன்று மற்றொன்றுக்கு ஈடாகாது. சவ்வுக்குள் மூலக்கூறுகளாகக் கரைந்து கலந்திருக்கும் ஆக்டனாலை இவை இரண்டுமே காட்டமாட்டா என்பதையும் மனத்தில் வைத்துக்கொள்ளுங்கள்.

இந்தப் புரதத்துக்கு வேறொரு பயனும் உண்டு. நுண்பைக்குள்ளேயே ஆல்பா ஹீமோலைசினை உற்பத்தி செய்ய வைத்து, அந்தத் துளை வழியாக வெளியிலிருந்து ஊட்டப்பொருள் உள்ளே வரச் செய்தபோது, சில மணிநேரத்தில் நின்றுவிடும் புரத உற்பத்தி நான்கு நாள் வரை நீடித்ததை 2004-இல் நுவாரோ, லிப்ஷாபர் என்ற ஆய்வாளர்கள் வெளியிட்டார்கள். நீங்கள் போக விரும்பும் இடம் அதுதான் என்றால், இந்தச் சோதனைக்காக வாங்கும் புரதம் வீணாகாது.

துளிமுனை எழுதியது:

டைதயோனைட் சோதனையை முடித்துவிட்டேன். அளந்த 60 நுண்பைகளில் 52-இல் ஒளி 45 முதல் 55% வரை குறைந்து நின்றது. நான்கில் குறைவு அதைவிடச் சிறிது. அவற்றில் ஆக்டனால் மொட்டு இன்னும் ஒட்டிக்கொண்டிருந்தது படத்திலேயே தெரிகிறது. மற்ற நான்கும் அளவீட்டின்போதே நகர்ந்துவிட்டன. மிகை லிப்பிட்டால் சவ்வு பல அடுக்காகுமோ என்று நான் அஞ்சியது நடக்கவில்லை.

ஹீமோலைசின் சோதனையில் கால்சீன் 20 நிமிடங்களுக்குள் பெரும்பாலான நுண்பைகளிலிருந்து வெளியேறியது. டெக்ஸ்ட்ரான் உள்ளேயே இருக்கிறது. கரைந்திருக்கும் ஆக்டனாலைக் குறைக்க, நுண்பைகள் அடியில் படிந்தபின் மேலுள்ள கரைசலை எடுத்துவிட்டுப் புதிய வெளிக்கரைசலை, அளந்து பார்த்த பிறகே, மூன்று முறை மாற்றியிருக்கிறேன். புரத உற்பத்திக் கலவையை நாளை உட்கரைசலாக ஏற்றுகிறேன். அதன் ஆஸ்மோலாரிட்டி 300-ஐவிட மிகவும் கூடுதல் என்பதால், வெளிக்கரைசலை முதலிலிருந்து தயாரிக்க வேண்டியிருக்கிறது.